அம்மா பார்க்கும் படங்களில் யாரும் சாவதில்லை

1

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் எனக்குப் பெரிய சண்டை. அம்மா திண்டுக்கல்லில், நாகல் நகர் வீட்டில். நான் ஜெர்மனியில், அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டுக்கொண்டு. சொத்துத் தகராறு இல்லை, மாமியார் மருமகள் விவகாரமும் இல்லை. முந்தின நாள் இரண்டு வீட்டிலும் பார்த்த படத்தில் வருகிற பஸ் கண்டக்டர் உயிரோடு இருக்கிறாரா, செத்துவிட்டாரா என்பதுதான் வழக்கு.

"அவரு செத்துட்டாரும்மா."

"எங்க செத்தாரு? அப்படி ஒண்ணும் காட்டலையே."

"இடைவேளைக்கு முன்னாடியே செத்துட்டாரு. அதுக்கப்புறந்தான பிள்ளைக மூணு பேரும் வீட்டுக்காக அடிச்சுக்கிறாங்க?"

"அவரு வெளியூரு போயிட்டாரு. வயசான காலத்துல பொண்டாட்டிய அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாரு. அந்த ஆளைப் போயி நல்ல மனுசன்ங்கிற."

"அந்தம்மா கழுத்துல தாலி இல்லாம திரியுதே, அதைப் பாக்கலையா நீ?"

"கோவத்துல கழட்டி வச்சிருக்கும். நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்."

பின்னால் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டரை மணி நேரப் படத்தின் உயிர்நாடியே அந்தச் சாவுதான். அதைப் பார்க்காமல் ஒருத்தி படத்தைப் பற்றி என்னோடு வாதாடுகிறாள், அதுவும் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது.

2

ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கருத்துச் சொல்லும் இந்த வழக்கம், ஊர் உலகமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் தொடங்கியது. அதற்கு முன்னாலும் வாராவாரம் பேசுவோம். சோத்துக்கு என்ன வெஞ்சனம், அங்கே குளிரா, இங்கே வெயில், சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான். என் பிழைப்பைப் பற்றிச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. யார் வீட்டு விசேஷம் என்று அவர்கள் சொன்னால் எனக்கு ஆளை நினைவில்லை. தம்பி கண்ணன்தான், "எல்லாரும் ஒரே படத்தைப் பாப்போம்க்கா, பேசுறதுக்காச்சும் ஒண்ணு இருக்கும்" என்று சொல்லி வீட்டு டிவிக்கு இணைய இணைப்பு கொடுத்தான். அவன் நாகல் நகரிலேயே மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருக்கிறான். அப்பா அம்மாவோடு அதே வீட்டில்தான் இருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் அங்கே பார்ப்பார்கள், நான் இங்கே பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதியச் சாப்பாட்டு வேளை, அவர்களுக்குக் காப்பி வேளை. அப்போது போனில் முகம் பார்த்துப் பேசுவோம்.

இதில் அம்மாவின் சட்டம் ஒன்று உண்டு. விளக்கு வைத்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. இது எங்கள் பக்கம் பல வீடுகளில் இருக்கிற நம்பிக்கைதான். அந்தி நேரத்தில் குழந்தை அழுதால்கூட அவசரமாகத் தூக்கிச் சமாதானம் செய்வார்கள். ஆனால் அதை டிவிக்கும் அமல்படுத்திய பெருமை என் அம்மாவுக்கே. ஒப்பாரி டிவியில் கேட்டால் என்ன, வாசலில் கேட்டால் என்ன, வீட்டுக்குள் வந்ததுதானே என்பது அவள் வாதம். அதனால் ரிமோட் அவள் மடியில்தான் இருக்கும். சாவு வரப்போவது அவளுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். கிழவர் ஒருவர் இரண்டு தடவை இருமினால் அந்தக் காட்சியைத் தாண்டி ஓட்டிவிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் ஓட்டிவிடுவாள். அம்மாவும் மகனும் காரணமில்லாமல் ரொம்ப நேரம் கொஞ்சிக்கொண்டிருந்தாலும் ஓட்டிவிடுவாள், அடுத்த காட்சியில் யாரோ ஒருவருக்கு மாலை போடுவார்கள் என்று தெரியும்.

ஆக, அம்மா பார்க்கும் படங்களில் ஆட்கள் திடீரென்று காணாமல் போவார்கள். அவர்கள் எங்கே என்று கேட்டால் எல்லாரும் வெளியூர் போயிருக்கிறார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனைக்கு நாகல் நகரில் ஒரு ரிமோட் கிடைத்திருக்கிறது.

அப்பா வேறு ரகம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்டு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை இரைச்சலில் ஆயுசு முழுக்கக் கத்திப் பேசிப் பழகியதால் அவர் ரகசியம் சொன்னாலும் பக்கத்து வீட்டில் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் போனுக்கு அருகில் வரமாட்டார். தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்வார். இத்தனை வருடத்தில் ஒரு படத்தையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"வெவசாயிங்கிறான், வேட்டில ஒரு பொட்டு மண்ணு இல்ல."

"போலீஸ் ஸ்டேசன்ல அம்புட்டு பெரிய மேசை எந்த ஊருல இருக்கு?"

"இடைவேளைக்கு அப்புறம் கதையில நூலு அறுந்துபோச்சு. முடிச்சுப் போட ஒருத்தனும் வரல. மிச்சப் படம் சும்மா ஓடுது."

அம்மா வெட்டி ஒட்டியதால்தான் நூல் அறுந்தது என்று சொன்னாலும் கேட்கமாட்டார். எனக்கு அந்தக் குறைகள் வேண்டியிருந்தன. இங்கே அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் 'அருமை', 'மிக நன்று' என்று சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போன எனக்கு, வாரத்தில் ஒரு மனிதராவது பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்வது ஆறுதலாக இருந்தது.

3

என் வீட்டிலும் முழுப் படம் பார்க்க நாதியில்லை. கணவர் முதல் பாட்டிலேயே தூங்கிவிடுவார். மகள் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். கதாநாயகன் காதலைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே கல்யாணம் ஆகியிருக்கும். கீழே ஜெர்மன் எழுத்து ஓட வேண்டும், கையில் போன் வேறு இருக்க வேண்டும். ஊரில் ஒருத்தி சாவை ஓட்டுகிறாள், இங்கே ஒருத்தி மொத்தத்தையும் ஓட்டுகிறாள். நடுவில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிற முட்டாள் நான் ஒருத்திதான்.

நிலாவின் தமிழும் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. சனிக்கிழமை காலையில் அவள் போகிற தமிழ்ப் பள்ளியில் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அன்பாகவும் கண்டிப்பாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவள் பாட்டியிடம், "என்ன செய்யிறியள், சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டால் அம்மா என்னிடம், "இது யாரு வீட்டுப் புள்ளைடி பேசுது?" என்கிறாள். அம்மா பேசுவதில் பாதி நிலாவுக்குப் புரியாது. புரியாத இடங்களை முகத்தைப் பார்த்தும், முன்பின் சொற்களை வைத்தும் தானாகவே நிரப்பிக்கொள்வாள். சில சமயம் சரியாக இருக்கும். போன வருடம் சித்தையன்கோட்டையில் எங்கள் மாமாவுக்கு வாழை சாய்ந்துவிட்டது என்று அம்மா வருத்தப்பட்டதை, மாமாவே சாய்ந்துவிட்டார் என்று புரிந்துகொண்டு பள்ளியில் அஞ்சலி செலுத்திவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் என் அட்டைக் கதை. இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்க எனக்கு அனுமதி இருக்கிறது. அனுமதிதான் நிரந்தரம், அதைக் காட்டுகிற அட்டை நிரந்தரமில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் அட்டையையும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். நேரம் வாங்க ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அது திறந்த நாளிலிருந்து 'தற்சமயம் நேரம் ஏதும் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. கடிதம் போட்டால், 'உங்கள் கடிதம் கிடைத்தது, மறுபடி எழுதாதீர்கள், எழுதினால் இன்னும் தாமதமாகும்' என்று பதில் வருகிறது. பழைய அட்டை காலாவதியாகிவிட்டது. நான் ஊருக்குப் புறப்பட்டால் யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வர விமானத்தில் ஏற்றுவார்களா என்பதை மட்டும் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேலை இங்கே, பிள்ளையின் பள்ளி இங்கே.

அம்மாவிடம் இதை விளக்கினேன். "இத்தனை வருசமா அங்கதான இருக்க, உன்னைத் தெரியாதா அவங்களுக்கு?" என்றாள்.

4

மாசி முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குரல் கேட்கவில்லை. முடிவெட்டப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் அதிகம் துருவவில்லை. என் புத்தியெல்லாம் அட்டையில் இருந்தது, அந்த இணையப் பக்கத்தைத் திறந்து மூடுவதே என் வேலையாகிவிட்டிருந்தது.

மூன்றாவது வாரத்துப் படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். காரணமாகத்தான். கதாநாயகன் நூற்பாலைத் தொழிலாளி. இரவு ஷிப்டு முடிந்து ஆலையை விட்டு வெளியே வருகிறான். வாரிவிட்ட தலை அப்படியே இருக்கிறது, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. முடியிலோ புருவத்திலோ ஒரு இணுக்குப் பஞ்சு கிடையாது. அப்பா மில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் பஞ்சாக இருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதற்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்து சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது.

"அப்பா எங்க? அவரைக் கூப்பிடு."

"செத்த நேரம் கண்ணசந்துருக்காரு."

"படம் பாத்தாரா?"

"பாத்தாரே."

"என்ன சொன்னாரு?"

"அவருக்கும் புடிச்சிருந்துச்சு. நல்ல கதையாம். அந்தப் பையன் நல்லா நடிச்சிருக்கான்னாரு."

சரிம்மா என்று வைத்துவிட்டேன். என் அப்பா அந்தப் படத்தை நல்ல கதை என்று சொல்லமாட்டார். தலையில் துப்பாக்கி வைத்துக் கேட்டாலும் சொல்லமாட்டார்.

சின்னாளபட்டிப் பெரியம்மா இறந்ததை எனக்குப் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அப்போது நிலா வயிற்றில் இருந்தாள், அதிர்ச்சி ஆகாது என்று மறைத்தார்களாம். மறைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். இடைப்பட்ட நாட்களில் நான், "பெரியம்மாவைக் கேட்டேன்னு சொல்லு" என்று சொல்ல, அம்மா, "சொல்றேன்த்தா" என்றாளே, அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. செத்துப்போன மனுஷிக்கு என் விசாரிப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒத்துக்கொண்டாள்.

5

கண்ணனின் கடைக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருப்பான்.

"கண்ணா, அப்பா எங்கடா?"

"வீட்டுலதான்க்கா, எங்க போவாரு?"

"அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்காருன்னுச்சே." வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"ஆங், ஆமாக்கா. கல்யாணத்துக்குத்தான் போயிருக்காரு. நாந்தான் மறந்துட்டேன்."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

கடையில் யாரோ வாஷர் கேட்டார்கள். அவன் வாஷரை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தான்.

"நமக்குத் தெரிஞ்சவுகதான்க்கா. வெளியூரு. போயிருக்காரு, வந்துருவாரு."

வெளியூர் என்றான். எங்கள் வீட்டில் வெளியூர் போனவர்கள் என்ன ஆனவர்கள் என்று எனக்குத் தெரியாதா? கண்டக்டர் வெளியூர் போனார், இன்னொரு படத்தில் மூன்று பெண்களைப் பெற்ற வாத்தியார் வெளியூர் போனார், சின்ன வயதுப் போலீஸ்காரன் ஒருவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் வெளியூர் போனான். எல்லாருக்காகவும் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை போட்டிருக்கிறேன்.

"ஏலே, சினிமாலதான் வெளியூருன்னா இங்கயுமாடா? அப்பா உசுரோட இருக்காரா இல்லையா? அதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அய்யய்யோ, இருக்காருக்கா. சத்தியமா இருக்காரு. நீ ஏன் அப்படியெல்லாம் பேசுற?" அதற்கப்புறம் அவனாகவே சொன்னான். ஒரு காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கை தூக்க வரவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது. பிடித்துக்கொண்டால் நடக்கிறார்.

"பேச்சுதான்க்கா கொழகொழன்னு வருது. ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. அவருக்கும் கோவம் வருது, பேசுறதையே விட்டுட்டாரு."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"சொன்னா என்னக்கா பண்ணுவ? கார்டு இல்லைங்கிற, வந்தா திரும்பிப் போக முடியாதுங்கிற. அங்க உக்காந்து அழுவ. அம்மாதான் சொல்ல வேணாம்னுச்சு."

இந்த நியாயத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற என்னைப் போன்ற எல்லாருக்கும் இது மனப்பாடம். தூரத்தில் இருக்கிறவளுக்குத் துக்கம் எதற்கு. நல்லதை மட்டும் சொல்லுவோம், கெட்டதை முடிந்த பிறகு சொல்லுவோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நீ வயிறாரச் சாப்பிடட்டும் என்றுதான் மறைத்தோம் என்பார்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அப்பா விழுந்ததும், ஆம்புலன்ஸில் போனதும், கண்விழித்ததும் என் வாழ்க்கையில் நடந்த காரியங்கள். அதை ஓட்டிவிட இவர்கள் யார்? அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணன் அதற்குள் சொல்லியிருந்தான்.

"உனக்கு எதுக்குத்தா அந்த வேதனை" என்று ஆரம்பித்தாள்.

"அப்பா வாயில இல்லாத பேச்சை எல்லாம் எங்கிட்டச் சொல்லியிருக்க. அவரு நல்லாருக்குன்னு சொன்னாராம்."

"நல்லதாத்தான சொன்னேன். பொய் சொன்னாலும் நல்லதாச் சொல்லணும்ல."

"அந்த மனுசன் எந்தப் படத்தையாச்சும் நல்லாருக்குன்னு சொல்லிருக்காரா? நாப்பத்தஞ்சு வருசம் கூட இருந்திருக்க. ஒரு பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல உனக்கு."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. "விளக்கு வைக்கணும், வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

6

திங்கட்கிழமை நேரம் வாங்காமலே அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசற்காவலரிடம் கெஞ்சி, உள்ளே ஒரு பெண் அதிகாரி முன்னால் நின்றுவிட்டேன். முந்தின ராத்திரி முழுக்க ஜெர்மன் மொழியில் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. வாயில் வந்தது தமிழ்தான், சொல் மட்டும் ஜெர்மன். "என் அப்பா படுத்துவிட்டார்" என்றேன்.

அந்தப் பெண் கனிவாகச் சிரித்தாள். "நல்லது, ஓய்வெடுக்கட்டும்" என்றாள்.

நம்மூரில் ஒருவர் படுத்துவிட்டார் என்றால் பால்காரரும் நின்று விசாரிப்பார். இங்கே படுத்தவர் எழுந்துகொள்வார், அவ்வளவுதான். திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அவள் முகம் மாறியது. உண்மையிலேயே வருத்தப்பட்டாள். மருத்துவச் சான்று வேண்டும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அதை ஜெர்மன் மொழிக்கு மாற்றியிருக்க வேண்டும், அதை வைத்து அவசர நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாள். எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டேன். அதே இணையப் பக்கத்தைத்தான் எழுதிக் கொடுத்தாள்.

கண்ணன் மதுரை ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படம் பிடித்து அனுப்பினான். மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தேன். விண்ணப்பித்தேன். உங்கள் கடிதம் கிடைத்தது, மறுபடி எழுதாதீர்கள் என்று பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை படம் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கண்ணன் கேட்கவில்லை. "அப்பா பாக்கணும்ங்கிறாரு. கையைக் காட்டி டிவியப் போடச் சொல்றாரு" என்றான். ஒரு கலகலப்பான படமாகப் பார்த்து வைத்தோம், அம்மாவுக்கு ரிமோட் வேலை இல்லாதபடி.

ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அப்பா போனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா போனைச் சாய்த்து வைத்திருந்த விதத்தில் அவருடைய இடது கன்னமும் காதும் மட்டும் தெரிந்தன.

"நேராக் காட்டும்மா."

"வெளிச்சம் அடிக்குது."

"அம்மா. நேராக் காட்டு."

கண்ணன் போனைத் திருப்பினான். அப்பாவின் வாய் வலது பக்கம் இறங்கியிருந்தது. சவரம் செய்துவிட்டிருந்தார்கள், சரியாகச் செய்யவில்லை. உதட்டோரத்தை அம்மா முந்தானையால் துடைத்துவிட, அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். அந்த உரத்த குரல் இல்லை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"படம் சரியில்லைங்கிறாரு" என்றாள் அம்மா அவசரமாக.

அவர் இல்லை என்று தலையாட்டினார். இன்னொரு தடவை சொன்னார்.

"தண்ணி கேக்குறாரு போல" என்றான் கண்ணன்.

எனக்கும் பிடிபடவில்லை. அவர் மகள் நான். அவர் பேசியதைக் கேட்டுத்தான் பேசப் பழகினேன். எவ்வளவு உற்றுக் கேட்டும் ஒரு சொல்கூடத் தெளியவில்லை.

நிலா எனக்குப் பின்னால் சோபாவில் போனோடு சாய்ந்திருந்தாள். தலையைத் தூக்காமலே, "படம் இல்லை. தண்ணியும் இல்லை" என்றாள்.

"பின்ன என்ன?"

எழுந்து வந்து என் தோளுக்கு மேல் முகத்தை நீட்டினாள். "தாத்தா, திருப்பிச் சொல்லுங்கோ. மெல்லமா."

அவர் சொன்னார். அவள் அவர் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பேச்சிலிருந்து மீதியை எடுத்துக்கொள்வதை அவள் பிறந்ததிலிருந்து செய்து வருகிறாள். எங்கள் எல்லாருடைய தமிழும் அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. இதுநாள்வரை அதை நான் அவள் குறையாகவே நினைத்து நொந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, நீங்கள் எப்ப வருவியள் என்று கேக்கிறார்" என்றாள்.

அப்பா ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"அதெல்லாம் இல்லத்தா" என்று அம்மா குறுக்கே வந்தாள். "சும்மா ஏதோ சொல்றாரு. நீ வேலையப் பாரு. நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

நான் ஜெர்மனிக்கு வந்த இத்தனை வருடங்களில் அப்பா ஒரு தடவைகூட எப்போது வருகிறாய் என்று கேட்டதில்லை. அம்மா கேட்பாள், கண்ணன் கேட்பான், தெருவில் எல்லாரும் கேட்பார்கள். அவர் கேட்கமாட்டார். விடுமுறையில் வந்தால் வா என்பார், கிளம்பினால் பார்த்துப் போ என்பார். கேட்டால் எனக்குக் கஷ்டம் என்று நினைத்தாரோ என்னவோ.

சீக்கிரம் வாரேன்ப்பா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடுத்த மாதம், லீவு போட்டுவிட்டேன், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அடுக்கியிருக்கலாம். அம்மாவின் கண் என்னிடம் அதைத்தான் கேட்டது. நல்லதாகச் சொல்லு என்று.

"தெரியலப்பா" என்றேன். "கார்டு இன்னும் வரல. கேட்டுட்டேன், அலைஞ்சுட்டேன். எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. இப்ப வந்தேன்னா திரும்பி வர முடியாமப் போயிரும், நிலாவை இங்க விட்டுட்டு. எனக்கு வரணும்ப்பா. ஆனா எப்பன்னு தெரியல."

"ஏன்டி, இதையா சொல்றது அவருகிட்ட" என்றாள் அம்மா.

அப்பா இடது கையைத் தூக்கி அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி" என்றார்.

அது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. திட்டுவார், இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு அட்டை கொடுக்க ஆளில்லையா என்று கேட்பார், அவர்களுடைய வேலையில் நூறு குற்றம் கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தேன். அம்மா முந்தானையால் உதட்டோரத்தைத் துடைக்க வந்தாள், இந்தத் தடவை அவர் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.